புத்தகக் கடைக்காரர் துப்பறியக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் நூல் அறிமுகப் பக்கத்தில், சிற்றூர் ஒன்றில் புத்தகக் கடை நடத்தும் பெண்ணொருத்தி தன் ஊரில் நடந்த கொலையைத் துப்பறிந்து கண்டுபிடிப்பதாக எழுதப்பட்ட ஆங்கில நாவல் ஒன்றுக்கு மதிப்புரை வெளியாகியிருந்தது. அந்த நாவலை நானும் படித்திருக்கிறேன். மதிப்புரையாளர் அதில் கண்ட குறைகள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் கட்டுரையின் இறுதியில், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து புத்தகம் விற்பவருக்குக் கொலையைத் துப்பறியும் ஆற்றல் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டிருக்கிறார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டவனாக உணர்கிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

முதலில் மதிப்புரையாளரோடு உடன்படும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'கோஸி', அதாவது இதமானவை, என்று வகைப்படுத்தப்படும் மர்ம நாவல்களில் இரத்தம் வாசகரின் கண்ணில் படுவதில்லை. கொலை பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடுகிறது. ஊர் சிறியது, சந்தேகத்துக்குரியவர்கள் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், துப்பறிபவர் காவல் துறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரண மனிதர். இந்த வகைக்கென்றே அமெரிக்காவில் 1989-இல் 'மாலிஸ் டொமஸ்டிக்' என்ற ஆண்டு மாநாடு தொடங்கப்பட்டு, அகதா கிறிஸ்டியின் பெயரால் விருதுகளும் வழங்கப்பட்டு வருகின்றன. இத்தகைய கதைகளின் நாயகியர் ரொட்டிக் கடை வைத்திருப்பார்கள், பூக்கடை வைத்திருப்பார்கள், அல்லது புத்தகக் கடை வைத்திருப்பார்கள். எந்தக் கடையாக இருந்தாலும் கதை ஒன்றுபோலவே நகர்வதுதான் இந்த வகையின் பெரும் குறை. மதிப்புரைக்கு வந்த நாவலில் நாயகி முந்நூறு பக்கங்களில் ஒரு பில் கூட எழுதுவதில்லை. யாரும் அவளிடம் தள்ளுபடி கேட்பதில்லை. வாங்கிய புத்தகத்தில் நடுவே பதினாறு பக்கங்கள் இல்லையென்று யாரும் திருப்பிக்கொண்டு வருவதில்லை. தேநீர் கொதிக்கிறது, பூனை உறங்குகிறது, வாடிக்கையாளர்கள் வந்து வம்பு பேசிப் போகிறார்கள், அந்த வம்பிலிருந்தும் காவல் துறையில் வேலை பார்க்கும் நண்பனிடமிருந்தும் அவளுக்குத் துப்பு கிடைக்கிறது. புத்தகங்களை எடுத்துவிட்டு அலமாரிகளில் ரொட்டியை அடுக்கினால் கதையில் ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்காது.

பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. லாரன்ஸ் பிளாக் எழுதிய பெர்னி ரோடன்பார் வரிசை நாவல்களின் நாயகன் இரவில் பூட்டை உடைக்கும் திருடன். பகலில் நியூயார்க்கில் பழைய புத்தகக் கடை நடத்துபவன். 1979-இல் வெளிவந்த நாவலில்தான் அவன் கடைக்காரனாகிறான். பின்னாளில் அவன் கடைக்கும் ஒரு பூனை வந்து சேர்கிறது. ஆனால் அது அழகுக்காக வரவில்லை. புத்தகங்களைக் கடித்துக் குதறும் எலிகளைப் பிடிப்பதற்காக வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. பழைய புத்தகக் கடையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதியது இது என்பது எனக்கு அந்த ஒரு விவரத்திலேயே விளங்கிவிட்டது. எங்கள் தொழிலில் எலி, கரையான், ராமபாணப் பூச்சி ஆகிய மூன்றையும் நினைக்காமல் யாரும் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

இந்த வகை நாவல்களின் மூதாதை என்று பலரும் குறிப்பிடுவது கிறிஸ்டோபர் மார்லி 1919-இல் எழுதிய, புரூக்ளினில் நடக்கும் 'ஆவிகள் உலவும் புத்தகக் கடை'. ஆவிகள் என்று அவர் சொன்னது மாபெரும் இலக்கியங்களின் ஆவிகளைத்தான். அந்தக் கடையின் உரிமையாளர் ரோஜர் மிஃப்லின். அவர் அலமாரியில் இருந்த, கிராம்வெல்லைப் பற்றிக் கார்லைல் தொகுத்த நூல் ஒன்று காணாமல் போகிறது. பிறகு திரும்பி வருகிறது. மறுபடியும் காணாமல் போகிறது. முதலாம் உலகப் போர் முடிந்து, அமைதி மாநாட்டுக்காக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறவிருந்த காலம் அது. அந்தப் புத்தகத்துக்குள் வெடிகுண்டை வைத்துத் தலைவரின் கப்பல் அறைக்கு அனுப்ப ஜெர்மானிய உளவாளிகள் திட்டமிட்டிருந்தார்கள் என்று கதை விரிகிறது. மதிப்புரையாளருக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன்: அந்த நாவலில் துப்பறிவது கடைக்காரர் இல்லை. விளம்பரம் கேட்டுக் கடைக்குள் நுழைந்த ஓர் இளைஞன்தான் முடிச்சை அவிழ்க்கிறான். போதாக்குறைக்கு, இடையில் கடைக்காரரையே குற்றவாளி என்று சந்தேகிக்கவும் செய்கிறான். மிஃப்லின் நல்ல புத்தகம் எது என்று மணிக்கணக்கில் பேசுவார். தன் மூக்குக்குக் கீழே நடப்பதைக் கவனிக்க மாட்டார். எங்கள் தொழிலில் அப்படிப்பட்டவர்களும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

கரோலின் ஹார்ட் 1987-இல் தொடங்கிய வரிசையின் நாயகி ஆனி லாரன்ஸ், தென் கரோலைனாவின் கற்பனைத் தீவு ஒன்றில் மர்ம நாவல்களை மட்டுமே விற்கும் கடையை நடத்துகிறாள். மாதந்தோறும் ஐந்து ஓவியங்களைச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றும் எந்த நாவலின் காட்சி என்று முதலில் கண்டுபிடிக்கும் வாடிக்கையாளருக்குப் பரிசு தருவது அவளது வழக்கம். இந்த யோசனையை நான் என் கடையில் செய்து பார்க்க விரும்பினேன். ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லாததால் கைவிட்டேன். 1992-இல் ஜான் டன்னிங் எழுதிய நாவலின் நாயகன் கிளிஃப் ஜேன்வே டென்வர் நகரக் காவல் துறையின் கொலை விசாரணை அதிகாரியாக இருந்து, வேலையைத் துறந்து, பழைய புத்தகக் கடை திறக்கிறான். இது இதமான கதையில்லை, அடிதடி நிறைந்தது. ஆனால் கொல்லப்படுபவன் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பழம்பொருள் கடைகளிலும் குப்பைகளிலும் அலைந்து, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அரிய நூல்களைப் பொறுக்கியெடுத்து, பெரிய கடைகளுக்கு விற்றுப் பிழைக்கும் புத்தக வேட்டைக்காரன் அவன். அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் உலகில் எந்தப் பழைய புத்தகக் கடையும் நடக்காது. டன்னிங் தாமே டென்வரில் பழைய புத்தகக் கடை நடத்தியவர். அந்த நாவலின் முதற் பதிப்பே பின்னர் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரிய நூலாகிவிட்டது என்பதைக் கேட்டால் ஜேன்வே சிரித்திருப்பான்.

கற்பனை இத்துடன் போதும். கடைக்காரரால் துப்பறிய முடியுமா என்ற கேள்விக்கு, நடந்தேறிய வழக்கு ஒன்றே பதிலாக இருக்கிறது.

இங்கிலாந்தில் தாமஸ் ஜேம்ஸ் வைஸ் என்றொருவர் இருந்தார். 1859-இல் பிறந்தவர், நறுமண எண்ணெய் வணிகத்தில் எழுத்தராகத் தொடங்கி முன்னேறியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களின் முதற் பதிப்புகளைச் சேகரிப்பதில் அந்நாட்டிலேயே பெரிய புள்ளி. 'ஆஷ்லி நூலகம்' என்று பெயரிட்ட அவரது சேகரிப்பைக் காண அறிஞர்கள் அனுமதி கேட்டுக் காத்திருந்தார்கள். நூலியல் கழகத்தின் தலைவராக 1922 முதல் 1924 வரை இருந்தார். ஒரு நூல் உண்மையா போலியா என்ற ஐயம் எழுந்தால் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் சொன்னதே தீர்ப்பு. டெனிசன், பிரவுனிங், ரஸ்கின், ஸ்வின்பர்ன் முதலியோரின் சிறு நூல்கள் சில, இதுவரை முதற் பதிப்பு என்று கருதப்பட்டவற்றுக்கும் முன்னதாக நண்பர்களுக்கென்று தனிச்சுற்றாக அச்சிடப்பட்டவை என்ற பெயரில் சந்தையில் உலவின. அவற்றில் புகழ்பெற்றது, எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் காதல் பதினான்கடிப் பாக்கள் அடங்கிய நூல். தலைப்புப் பக்கத்தில் 'ரெடிங், 1847, வெளியீட்டுக்கு அன்று' என்று இருந்தது. அப்பாக்கள் முறையாக நூலில் வெளிவந்ததோ 1850-இல். மூன்றாண்டு முந்திய பிரதி என்றால் சேகரிப்பாளர் எவ்வளவு கொடுக்கவும் தயாராக இருப்பார் அல்லவா?

ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொல்லார்டும் அப்போது முப்பது வயதை ஒட்டிய இளைஞர்கள். கார்ட்டர் ஸ்கிரிப்னர் நிறுவனத்தின் இலண்டன் கிளையில் அரிய நூல் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். பொல்லார்ட் இலண்டனில் பிரல் அண்டு கார்னெட் என்ற புத்தகக் கடையின் பங்குதாரர். இருவருமே வியாபாரிகள். இந்தச் சிறு நூல்களைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்கு ஏதோ உறுத்தியது. எந்தப் பிரதியிலும் ஆசிரியரின் கையெழுத்தோ, அன்பளிப்பு வாசகமோ இல்லை. நண்பர்களுக்கென்று அச்சிட்ட நூலை எந்த நண்பருக்கும் கவிஞர் கையெழுத்திட்டுக் கொடுக்கவில்லையா? அக்காலக் கடிதங்கள் எதிலும் அந்நூல்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தந்த ஆண்டில் கட்டப்பட்ட பைண்டிங்கோடு ஒரு பிரதியும் இல்லை. எல்லாமே அச்சகத்திலிருந்து நேற்று வந்தவை போலப் புத்தம் புதியனவாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் ஏல அறைகளில் அவை தலைகாட்டியதே இல்லை. போலியாளரின் சாமர்த்தியம் எதில் இருந்தது என்றால், மூலம் என்று ஒன்று இல்லாத நூலை அவர் உருவாக்கியதில் இருந்தது. இருக்கும் நூலைப் போலச் செய்தால் அசலோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். இல்லாத நூலை எதனோடு ஒப்பிடுவது?

இரு கடைக்காரர்களும் கவிதையை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார்கள். கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்த இங்கிலாந்தில் எஸ்பார்ட்டோ புல்லிலிருந்து செய்த காகிதம் புழக்கத்துக்கு வந்தது 1861-இல். இரசாயன முறையில் பதப்படுத்திய மரக்கூழ்க் காகிதம் வந்தது 1874-இல். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது 1847-ஆம் ஆண்டுக்குரியதாகச் சொல்லப்பட்ட நூலின் காகிதத்தில் மரக்கூழ் இருந்தது. அடுத்து எழுத்துருவைப் பார்த்தார்கள். பழைய அச்செழுத்துகளில் ஆங்கில 'எஃப்', 'ஜே' ஆகியவற்றின் வளைவு தன் உலோகக் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எளிதில் உடையும். அவ்வாறு நீட்டாமல் சுருக்கி வார்த்த எழுத்துகள் பின்னாளில் வந்தவை. போலி நூல்களில் இருந்தவை சுருக்கி வார்த்த எழுத்துகள். அவற்றோடு வேறோர் எழுத்துருவைச் சேர்ந்த கேள்விக்குறி ஒன்றும் கலந்திருந்தது. அந்தக் கலப்படமே கைரேகை போலாயிற்று. எந்த அச்சகம் இத்தகைய கலப்பை வைத்திருந்தது என்று தேடியபோது, மாத்யூ ஆர்னால்டின் கவிதை ஒன்றுக்கு வைஸ் தம் பெயரிலேயே, ஒளிவுமறைவின்றி, வெளியிட்டிருந்த மறுபதிப்பில் அதே எழுத்துரு, அதே கேள்விக்குறி; அச்சிட்டவர் பெயரும் அதில் தெளிவாக இருந்தது. நேர்மையாகச் செய்த ஒரு நூல் நேர்மையற்ற பல நூல்களைக் காட்டிக்கொடுத்த இந்தத் திருப்பத்தை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்திருந்தால் மிகையென்று நானே சொல்லியிருப்பேன்.

அவர்களது ஆய்வு 1934-இல் நூலாக வெளிவந்தது. சுமார் ஐம்பது சிறு நூல்களை எடுத்து ஆராய்ந்து, பெரும்பகுதியைப் போலி என்றோ ஐயத்துக்குரியது என்றோ தீர்த்தார்கள். வைஸ்தான் போலியாளர் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவதூறு வழக்குக்கு அஞ்ச வேண்டியிருந்தது. சான்றுகளை அடுக்கிவிட்டு முடிவை வாசகரிடமே விட்டார்கள். வைஸ் என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்! 'டைம்ஸ்' இலக்கிய இணைப்பில் வெளியான கடிதத்தில், அந்தப் பிரதிகள் தம் நண்பர் ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மனிடமிருந்து வந்தவை என்று சொன்னார். ஃபோர்மன் இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபோர்மனும் இந்த மோசடியில் கூட்டாளிதான் என்பது பின்னாளில் ஆவணங்கள் மூலம் தெரியவந்தது வேறு கதை. 1937-இல் வைஸ் இறந்தார். அவரது நூலகத்தைப் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. அதன் பிறகுதான், தம்மிடமிருந்த பழைய நாடக நூல்களில் குறைந்த பக்கங்களை நிரப்பிக்கொள்ள அதே மியூசியத்தின் பிரதிகளிலிருந்து அவர் ஏடுகளைக் கிழித்திருந்தார் என்பதும் வெளிப்பட்டது.

இந்த வழக்கில் எனக்கு மறக்க முடியாதவர் கார்ட்டரோ பொல்லார்டோ இல்லை. ஹெர்பர்ட் கார்ஃபின் என்ற எளிய புத்தக வியாபாரி. சிறுவனாக வைஸின் அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தவர். வைஸிடமிருந்த சிறு நூல்களின் மிச்ச இருப்பை விலைக்கு வாங்கி, அவை அசல் என்று நம்பி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக விற்று வந்தார். அவை போலி என்று பொல்லார்ட் சொன்னபோது அவர் சரக்கு ஒரே நாளில் குப்பையானது. ஃபோர்மனிடமிருந்து வந்ததாகச் சொல்லிவிடும்படி வைஸ் அவரைக் கேட்டுக்கொண்டார். அவர் மறுத்துவிட்டு, நடந்ததை உள்ளபடி சொன்னார். இதில்தான் புத்தகக் கடைக்காரர் மற்ற துப்பறிவாளர்களிலிருந்து வேறுபடுகிறார் என்று நான் கருதுகிறேன். காவல் துறை அதிகாரிக்கு உண்மை தெரிந்தால் பதக்கம், வக்கீலுக்குக் கட்டணம். கடைக்காரருக்கோ கையிருப்பு நஷ்டம். உண்மையைத் தேடத் தேடத் தன் சட்டைப்பையில்தான் ஓட்டை விழும் என்று தெரிந்தும் தேடுகிற மனிதரைக் கதாநாயகராக வைத்துக்கொண்டு, அவரைத் தேநீர் ஊற்றவும் வம்பு கேட்கவும் மட்டும் பயன்படுத்துவது நாவலாசிரியரின் சோம்பல் என்பேன்.

இது ஏதோ இலண்டனில் அரிய நூல் விற்பவர்களுக்கு மட்டும் உரிய வித்தை என்று எண்ண வேண்டாம். எடைக்குப் போட்ட தமிழ்ப் புத்தகக் கட்டை அவிழ்க்கும் எவருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிடும். முகப்புப் பக்கம் கிழிந்து, ஆண்டு தெரியாத நூல்தான் எங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது. விலை 'ரூ. 2-8-0' என்று அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, 'ந.பை.', அதாவது நயா பைசா, என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் அதன் பிறகு 'நயா' போய்ப் பைசா மட்டும் மிஞ்சியது. விற்ற கடையின் முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்டுக்குப் பிறகு குத்தப்பட்டது. ஆண்டை எண்ணில் போடாமல் 'விரோதி வருஷம்' என்று போட்டிருந்தால் அது 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டு இடைவெளியைக் காகிதத்தையும் அச்சையும் தொட்டுப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். 'லை', 'னை', 'றா' முதலியவை இன்றைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிந்தைய நூல் என்று புதிதாகத் தொழிலுக்கு வருபவர் அடித்துச் சொல்லிவிடுவார். அங்கேதான் வழுக்கும். பெரியாரின் 'குடிஅரசு' இதழ் 1935-லேயே அந்த வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டது; அந்த வட்டத்து வெளியீடுகளை அரசாணையை வைத்துக் காலம் கணித்தால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிழை நேரும். ஒரு தமிழ்த் துப்பறியும் நாவலில் தவறான ஆளைச் சிக்கவைக்க இதைவிட நல்ல பொறி வேண்டுமா?

என் கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாகரிகமான தோற்றமுடைய ஒருவர் ஒரு சிறுகதைத் தொகுதியைக் கொண்டுவந்தார். ஆசிரியர் மறைந்துவிட்ட பெரிய எழுத்தாளர். உள்ளட்டையில் நீல மையில் அவரது கையொப்பமும் 'பொங்கல் வாழ்த்துகளுடன், 14-1-1952' என்ற வாசகமும் இருந்தன. பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கம் கிழிந்திருந்தது. அதையே நான் முதல் எச்சரிக்கையாகக் கொண்டிருக்க வேண்டும். கையெழுத்தின் அழகில் மயங்கி ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். மாலையில் கடைப் பையன் அதைத் துடைத்துவிட்டுப் பின்னட்டையின் அடிப்பகுதியைக் காட்டி, "ஐயா, இதுல ந.பை.னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?" என்று கேட்டான். நயா பைசாவைப் பற்றி அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலம் போய் நூறு பைசா ஒரு ரூபாய் ஆனது 1957-இல் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன். 1957-க்கு முன் அச்சாகியிருக்கவே முடியாத நூலில் 1952-ஆம் ஆண்டுப் பொங்கலுக்குக் கையொப்பமிட்டிருக்கிறார் எழுத்தாளர். பையன் துப்பறியவில்லை, தெரியாததைக் கேட்டான், அவ்வளவுதான். முப்பது ஆண்டு அனுபவமுள்ள நான் பார்க்காததை அவன் கண் பார்த்தது.

அடுத்த வாரமே சேகரிப்பாளர் ஒருவர் அந்தப் பிரதியைக் கண்டு இரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். அவருக்கு ந.பை. கண்ணில் படவில்லை. உண்மையைச் சொல்லுமுன் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்தேன் என்பதை இந்தக் கடிதத்தில் மறைக்க விரும்பவில்லை. நல்ல நாவலாசிரியர் ஒருவருக்கு அந்த ஒரு நிமிடமே ஓர் அத்தியாயமாகியிருக்கும்.

மதிப்புரையாளரின் இன்னொரு கேள்வி, கடைக்காரர் எப்படி மரணம் நிகழ்ந்த வீட்டுக்குள் நுழைய முடியும் என்பது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே எங்களுக்கு அழைப்பு வந்துவிடும் என்பதை அவர் அறியமாட்டார் போலும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் விடுமுறை முடிவதற்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அப்பாவின் அலமாரியை என்ன செய்வது என்று தெரியாமல் பழைய புத்தகக்காரரைக் கூப்பிடுகிறார்கள். இறந்தவரின் அறையில், எந்தச் சோதனை ஆணையும் இல்லாமல், ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்கும் அனுமதி எங்கள் தொழிலுக்கு மட்டுமே உண்டு. புத்தகங்களுக்கு நடுவே மருந்துச் சீட்டு, அடகு ரசீது, அனுப்பாத கடிதம், திருமண அழைப்பிதழின் கிழிந்த பாதி என்று எத்தனையோ கிடைக்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டில், கடைசி இரண்டு ஆண்டுகள் அவருக்குக் கண் பார்வையே இல்லை என்று மகன் சொன்னார். ஆனால் கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தில் அடையாளமாக வைத்திருந்த பேருந்துச் சீட்டின் தேதி அவர் இறப்பதற்குப் பதினோரு நாட்களுக்கு முந்தியதாக இருந்தது. அதை மகனிடம் காட்டினேன். விசாரித்தபோது, கல்லூரியிலிருந்து திரும்பும் பக்கத்து வீட்டுப் பெண் நாள்தோறும் மாலையில் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தக் காண்டத்தை மட்டும் நான் விலைக்கு எடுக்கவில்லை. அதை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லால் தொழில்முறைத் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வஸந்தும் வக்கீல்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் துப்பறியும் நிறுவனம் நடத்துபவர்கள். ராஜேஷ்குமாரின் விவேக் காவல் துறையைச் சேர்ந்தவர். இவர்களுடைய நாவல்களை மாதந்தோறும் கட்டுக்கட்டாக விற்றுப் பிழைத்தவன் நான், நன்றியுணர்வோடுதான் சொல்கிறேன். துப்பறிவதையே தொழிலாகக் கொள்ளாத ஒருவர், தன் தொழிலின் கண்ணைக் கொண்டே துப்பறியும் கதைக்கு நம்மிடம் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் வரும் இதமான நாவல்களைப் பார்த்து எழுத முனையும் இளம் எழுத்தாளர்கள் அவற்றின் பூனையையும் தேநீரையும் இங்கே கொண்டுவந்து வைக்காமல், ஒரு வாரம் ஏதேனும் ஒரு பழைய புத்தகக் கடையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் நன்று. தங்கள் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: இனி இத்தகைய நாவலுக்கு மதிப்புரை வரும்போது, நாயகி எந்தத் துப்பை ஒரு புத்தகக் கடைக்காரியால் மட்டுமே கண்டுபிடித்திருக்க முடியும் என்பதை ஒரு வரியில் குறிப்பிடும்படி மதிப்புரையாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒரு துப்பும் இல்லையென்றால் அதையும் குறிப்பிடலாம். என்னைப் போன்றவர்கள் எத்தனை பிரதிகள் வாங்கி வைப்பது என்று தீர்மானிக்க அது உதவும்.

நயா பைசாப் பிரதி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மதிப்புரையாளர் மதுரைப் பக்கம் வந்தால் அதை எடுத்துக் காட்டுகிறேன்; விலைக்கு மட்டும் தர இயலாது.

இங்ஙனம்,
பழைய புத்தக வியாபாரி ஒருவர்,
மதுரை.